பதினேழால் வகுத்தவர்

போன மாதம் ஓர் ஆராய்ச்சி மாணவி என்னைத் தேடி வந்தார். திருப்பதியில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் லிஃப்ட் ஒன்பது நாளாக ஓடவில்லை. அறுபத்திரண்டு படி ஏறி வந்து வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். கையில் ஒரு வினாத்தாள். அரசு அலுவலகங்கள் தம்மிடம் இருக்கும் புள்ளிவிவரங்களை மக்களுக்குத் திறந்து கொடுப்பதற்கும் கொடுக்காமல் இருப்பதற்கும் என்ன காரணம் என்பது அவருடைய ஆராய்ச்சி. மொத்தம் முப்பத்திரண்டு கேள்விகள். ஒவ்வொன்றின் கீழும் ஐந்து கட்டங்கள்: சட்டமா, மேலதிகாரியா, கம்ப்யூட்டர் வசதியா, நிதியா, மக்கள் கேட்பதா. பொருத்தமான கட்டத்தில் டிக் போட வேண்டும்.

முப்பத்தொன்றுக்குப் போட்டுக் கொடுத்தேன். கடைசிக் கேள்விக்குக் கட்டம் கிடையாது. நீங்களே விவரம் தர மறுத்த சம்பவம் ஏதாவது நினைவில் இருக்கிறதா என்று கேட்டு, கீழே இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். 'நினைவில்லை' என்று எழுதினேன்.

எழுபத்தெட்டு வயதில் அப்படி எழுதினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் அந்த மனிதரின் விரல் நுனி வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. வலது கையின் மூன்று விரல்கள் எப்போதும் வெள்ளையாக இருக்கும்.

நான் சித்தூரில் ஓர் அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்தேன். நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரை அளக்கிற அலுவலகம். அதற்கு மேல் அடையாளம் சொல்ல விரும்பவில்லை. அவர் எங்களிடம் அளவைப் பணியாளர். ஆபீஸ் வரிசையில் கடைசிக்கு முந்தின ஆள். பத்தொன்பது ஆண்டு அவர் பெயரை மாதாமாதம் சம்பளப் பட்டியலில் எழுதியவன் நான். கிராமங்களில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. டேப்பு சார் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே விட்டுவிடுகிறேன். அவர் கொண்டுவந்த ஒரு தாளில் என் பெயரைப் போட மறுத்தவன் நான். அவர் பெயரை இங்கே போடுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

மாதக் கடைசி வாரத்தில் விஜயபுரம் மண்டலத்தில் பதினேழு கிணறுகளை அவர் அளக்க வேண்டும். எல்லாம் விவசாயிகளின் சொந்தக் கிணறுகள். கவர்மெண்டு ஏதோ ஒரு காலத்தில் கண்காணிப்புக் கிணறு என்று நம்பர் கொடுத்து வைத்தது. பஸ் போகிற இடம் வரைக்கும் பஸ், அப்புறம் நடை. தோளில் தோல் உறை போட்ட ஸ்டீல் டேப்பு. கிணற்று மேட்டில் உட்கார்ந்து டேப்பின் நுனியில் மூன்று அடி நீளத்துக்குச் சாக்பீஸைத் தேய்ப்பார். டேப்பை உள்ளே இறக்கி மேலே எடுத்தால் தண்ணீர் பட்ட இடம் வரைக்கும் சாக்பீஸ் கரைந்து நிறம் மாறியிருக்கும். மேலே பிடித்த அளவில் நனைந்த அளவைக் கழித்தால் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்பது தெரியும். ஒரு கிணற்றுக்கு மூன்று முறை இறக்குவார். ஒருமுறை போதும் என்று விதிமுறையே சொல்கிறது. அவர் மூன்று முறை.

இதுவரை எல்லாம் வேலை. அதற்குப் பிறகு அவர் செய்ததை யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. கையில் மீதி இருக்கும் சாக்பீஸால் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் அந்த நம்பரைப் பெரிதாக எழுதுவார். ரிஜிஸ்டரில் மீட்டர், சுவரில் அடி. எழுதிவிட்டு, பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களைப் பார்த்து உரக்கச் சொல்வார். யாரும் இல்லாவிட்டாலும் சொல்வார். ஒருநாள் ஓர் எருமையைப் பார்த்து, "முப்பத்தி ரெண்டே கால்மா" என்று அவர் சொன்னதை நானே என் காதால் கேட்டேன்.

"எருமைகிட்ட போய்ச் சொல்றீங்களே?" என்றேன்.

"அதுவும் தண்ணி குடிக்குது இல்ல சார்?" என்றார்.

எங்கள் ஆபீசில் நிலைமை நேர் எதிர். என்னுடைய மேஜைக்குப் பின்னால் இரும்பு பீரோவில் அத்தனை கிணற்று ரிஜிஸ்டரும் இருந்தன. அதில் ரகசியம் எதுவும் கிடையாது. எட்டிப் பார்த்தால் தெரிகிற விஷயம். ஆனாலும் யாருக்கும் தரமாட்டோம். எனக்கு எதையும் எண்ணி வைக்கிற பழக்கம் உண்டு. நம்பர் கேட்டு வந்தவர்களை டைரியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு வைத்திருந்தேன். நான் அந்த நாற்காலியில் இருந்த காலத்தில் நாற்பத்தாறு பேர் வந்தார்கள். பதினொரு பேருக்குக் கிடைத்தது. அந்தப் பதினொன்றில் நாலு பேருக்கு மேலிருந்து போன் வந்தது. மூன்று பேர் கம்பெனி லெட்டர்ஹெட் கொண்டுவந்தார்கள். இரண்டு பேர் பத்திரிகைக்காரர்கள். கொடுக்காவிட்டால் கொடுக்கவில்லை என்று எழுதிவிடுவார்களே என்ற பயம். ஒருவர் ஆபீசருக்கு மச்சினர். ஒருவருக்கு நான் லீவில் இருந்தபோது தவறுதலாகக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் முப்பத்தைந்து பேரும் விவசாயிகள், ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைத் தவிர.

தகவல் கேட்கும் சட்டம் அப்போது வரவில்லை. வந்த பிறகு மட்டும் என்ன வாழ்ந்தது என்பது வேறு விஷயம்.

எங்கள் ஆபீசர் தெலுங்குக்காரர். தமிழ் பேசுவார், நடுநடுவே தெலுங்கு வரும். கெட்டவர் இல்லை. "நம்பர் ஒருதரம் வெளிய போச்சுன்னா அது கேள்வியா திரும்பி வரும், சூப்பிரண்டு காரு" என்பார். "எந்துக்கு மனகு? நமக்கு எதுக்கு? உள்ளயே இருக்கட்டும். உள்ள இருந்தா அது வெறும் நம்பர்." அந்த மாணவியின் ஐந்து கட்டங்களில் இது இல்லை.

டேப்பு சாரைப் பற்றி எல்லோருக்கும் நல்ல அபிப்பிராயம் இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம்.

ஒன்பதாம் நம்பர் கிணறு முனிரத்தினம் என்பவருடையது. மூன்று ஏக்கர், வேர்க்கடலையும் கொஞ்சம் நெல்லும். கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனதால் போர் போட பேங்கில் லோன் கேட்டிருந்தார். பேங்கிலிருந்து நிலத்தைப் பார்க்க வந்தவர், கிணற்றுச் சுவரில் 41 என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, இங்கே தண்ணீர் இல்லை, போருக்கு லோன் கிடையாது என்று போய்விட்டார். அடுத்த மாதம் டேப்பு சார் அளக்கப் போனபோது நானும் ஆய்வுக்காக ஜீப்பில் கூடப் போயிருந்தேன். முனிரத்தினம் புருஷன் பெண்சாதி இருவரும் வழியை மறித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏன் சார், உனுக்கு நான் இன்னா துரோகம் பண்ணேன்? முப்பதுன்னு எழுதினா உன் கை உதுந்துடுமா?"

"கை உதுராது. கெணத்துல பதினோரு அடி தண்ணி ஏறாது" என்றார் டேப்பு சார்.

அந்த அம்மாள் முன்னால் வந்தார். "எங்க நைனா காலத்துலருந்து எங்க கெணறு இது. எங்க சொவுத்துல எழுதறதுக்கு நீ யாரு?"

"சொவுரு உங்களுது, தண்ணி உங்களுது. டேப்பு மட்டும்தாம்மா கவர்மெண்டுது."

"அப்போ டேப்புலயே எழுதிக்கினு போ!"

ஜீப் டிரைவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. டேப்பு சார் மூன்று முறை டேப்பை இறக்கினார், நாற்பத்திரண்டு என்று எழுதினார், உரக்கச் சொன்னார். நாங்கள் ஜீப்பில் ஏறுவதற்குள் அந்த அம்மாள் ஈரச் சாக்கால் சுவரைத் துடைத்துவிட்டார். அதற்குப் பிறகு பதினொரு மாதம் இவர் எழுதினார், பதினொரு மாதம் அவர் துடைத்தார். வெயிலில் வந்தவருக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடித்ததும் துடைப்பாராம்.

அந்தக் கோடையில் முனிரத்தினத்தின் வேர்க்கடலை காய்ந்துபோனது. காய்ந்த வயல் வழியாகத்தான் டேப்பு சார் கிணற்றுக்கு நடந்து போனார். போய், நம்பரை எழுதினார். எனக்கு அவர்மேல் கோபமே வந்தது. ஜீப்பில் ஒருநாள் கேட்டேன். "ஒரே ஒரு கிணறு. ஒரே ஒருதரம். கொஞ்சம் கண்ண மூடிக்கினா இன்னா?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க நைனா கெணறு வெட்டற ஆளு சார். இந்தப் பக்கத்துல அவர் வெட்டாத கெணறு கம்மி. வெட்டி முடிச்சு தண்ணி வந்துடுச்சுன்னா மேல ஏறிடணும். அப்புறம் எவ்ளோ தண்ணி கீதுன்னு எட்டிப் பாக்கக்கூட வுடமாட்டாங்க. தீட்டு. நைனா ஊட்டுக்கு வந்து, எவ்ளோ ஏறிச்சோ தெரியலன்னு சொல்லிக்கினே படுப்பாரு."

அவ்வளவுதான். இருபது ஆண்டுப் பழக்கத்தில் தன் வீட்டைப் பற்றி அவர் பேசியது அந்த ஒருமுறை. யாரிடமிருந்தும் நம்பரை மறைக்கக்கூடாது, யாருக்காகவும் மாற்றக்கூடாது என்பது அவருக்கு எங்கிருந்து வந்தது என்று அன்று எனக்குத் தெரிந்தது. தெரிந்து நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இனி சொல்ல வேண்டும்.

ஊர்ப்பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலம் அது. தடா, நாயுடுபேட்டை வழியாகப் போகிற நெடுஞ்சாலை ஓரத்தில் ஒவ்வொரு மாதமும் புதிதாக ஒரு காம்பவுண்டுச் சுவர் எழும்பும். விடிகாலையில் வேன் வந்து இளவட்டங்களை அள்ளிக்கொண்டு போகும். தண்ணீரை பாட்டிலிலும் கேனிலும் அடைத்து விற்கும் கம்பெனி ஒன்று முனிரத்தினம் நிலத்துக்குப் பக்கத்தில் இடம் வாங்கி, ஆறு ஆழமான போர் போட அனுமதி கேட்டது. மண்டலத்தில் கிணற்றுத் தண்ணீர் சராசரியாக முப்பத்தைந்து அடிக்குக் கீழே போய்விட்டிருந்தால் கம்பெனிக்கு போர் அனுமதி இல்லை என்பது அன்றைக்கு எங்களுக்கு இருந்த வழிமுறை. சராசரியைக் கணக்குப் போட்டு ஒரு பக்கம் அனுப்ப வேண்டியது எங்கள் ஆபீஸ். கணக்குப் போடுவது நான்.

கம்பெனி ஆள் காரில் வந்தார். லெட்டர்ஹெட் இருந்தது. பத்து ஆண்டு அளவுகளை அன்று மத்தியானமே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தோம். அறுபத்தெட்டுப் பக்கம். நான்தான் எண்ணிக் கொடுத்தேன்.

முனிரத்தினம் மூன்று முறை வந்தார். சுவரில் எழுதிய நம்பரைத் துடைத்த அதே முனிரத்தினம். இப்போது அவருக்கு நம்பர் வேண்டும். பதினேழு கிணற்றுக்கும் வேண்டும், ஆபீஸ் முத்திரையோடு வேண்டும். ஊரில் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்கப்போகிறார்கள், அங்கே காட்ட வேண்டும். முதல் முறை மனு எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். இரண்டாவது முறை மேலிடத்து அனுமதி வேண்டும் என்றேன். மூன்றாவது முறை ஃபைல் ஆபீசரிடம் இருக்கிறது என்றேன். ஃபைல் என் முழங்கைக்குக் கீழே இருந்தது.

"ஒம்போதாம் நெம்பர் கெணறு என்னுது சார். என் கெணத்து நம்பர எனுக்கே சொல்லமாட்டியா?" என்றார்.

"டேப்பு சார் செவுத்துல எழுதறாரே, அதப் பாத்துக்கோ."

"அதத்தான் எம் பொண்டாட்டி தொடச்சிப்புட்டா" என்று சொல்லி, முனிரத்தினம் தானே சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை எதில் எண்ணுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் டேப்பு சார் என் மேஜைக்கு வந்தார். நான் தயார் செய்து வைத்திருந்த பக்கத்தைத் தலைகீழாகவே படித்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், இதுல கெணறு பதினாலுன்னு போட்டுக்கீறீங்க."

"மூணு கெணத்துக்கு அளவு இல்லயேப்பா."

"அளவு இல்லன்னு யாரு சொன்னாங்க? வத்திப்போச்சுன்னு எழுதிக்கீறேன், பாருங்க."

இது எங்கள் ஆபீஸ் பழக்கம். கிணற்றில் தண்ணீர் இருந்தால் கட்டத்தில் எண் இருக்கும். வற்றிவிட்டால் 'வறட்சி' என்று எழுதுவோம். சராசரி எடுக்கும்போது எண் இருக்கிற கட்டங்களை மட்டும் கூட்டி, அத்தனையால் வகுப்போம். எனக்கு முன்னால் இருந்த சூப்பிரண்டு அப்படிச் செய்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும் செய்தார். யாரும் கெட்ட எண்ணத்தில் தொடங்கியதில்லை.

"வறட்சிங்கறது எழுத்து. எழுத்த எப்படிப்பா கூட்டறது?" என்றேன்.

"கெணத்தோட ஆழத்தக் கூட்டுங்க. அம்பத்திரெண்டு, அம்பத்தெட்டு, அறுவது. தண்ணி அதுக்கும் கீழதான் கீது. நாம கொறச்சுதான் சொல்றோம், கூட்டிச் சொல்லல."

"அப்படிக் கூட்டணும்னு ஆர்டர் கெடையாது."

"கூட்டக்கூடாதுன்னு ஆர்டர் கீதா?"

நான் ரிஜிஸ்டரைப் புரட்டினேன்.

"ஒரு ஊர்ல பதினேழு பேரு இருந்தாங்க சார். மூணு பேரு செத்துட்டாங்க. மிச்சம் பதினாலு பேரையும் பாத்துட்டு, ஊர்ல எல்லாரும் சொகமா கீறாங்கன்னு எழுதறீங்க. இன்னும் ரெண்டு கெணறு வத்தினா உங்க நம்பர் இன்னும் நல்லா வரும். எல்லாக் கெணறும் வத்தி ஒண்ணே ஒண்ணு மிஞ்சினா, அப்போ பிரமாதமா வரும்."

சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்து வைத்தார். பதினேழு வரி. அவருடைய கையெழுத்து சாக்பீஸில் எப்படியோ அப்படியே பேனாவிலும், பெரிது பெரிதாக இருக்கும். கீழே கூட்டு, கீழே பதினேழால் வகுத்த விடை. முப்பத்தைந்தரை அடி. என் பக்கத்தில் பதினாலால் வகுத்த விடை முப்பத்தொன்று. இடையில் நாலரை அடி. அந்த நாலரை அடியில் ஆறு போர் நின்றது.

"நான் பொய்க் கணக்கு போடச் சொல்லல. இது உங்க ரிஜிஸ்டர்ல கீறதுதான். சரியான நகல்னு ஒரு கையெழுத்து, ஒரு சீல். முனிரத்தினம் கையில குடுத்துடறேன்."

நான் மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். தப்பே இல்லை. சீலை எடுக்க இழுப்பறையைத் திறக்கக்கூடச் செய்தேன். பிறகு மூடினேன்.

"ஆர்டர் வரட்டும்பா" என்றேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். யாரும் என்னை மிரட்டவில்லை. ஆபீசர் என்னைக் கூப்பிட்டு எதுவும் சொல்லவில்லை. கம்பெனிக்காரர் எனக்கு ஒரு டீகூட வாங்கிக் கொடுத்ததில்லை. பதினாலால் வகு என்று எவரும் கேட்கவில்லை. யாராவது மிரட்டியிருந்தால் இன்று சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருக்கும். படிவத்தில் இடம் இல்லை, வழக்கம் இல்லை, ஆர்டர் இல்லை. இந்த மூன்று 'இல்லை'தான் எனக்கு இருந்த காரணம்.

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "சரி சார்" என்றார். கதவு வரைக்கும் போய்த் திரும்பி, "நீங்க கணக்குல புலின்னு சொல்லுவாங்க" என்றார்.

மறுநாள் கூட்டம். மண்டல ஆபீஸ் மைதானத்தில் ஷாமியானா. மேடையில் பதினொரு நாற்காலி. எனக்கும் ஓரத்தில் ஒன்று. கம்பெனி ஆள் எங்கள் பக்கத்தை வாசித்தார்: பதினாலு கிணறு, சராசரி முப்பத்தொன்று, நிலைமை திருப்திகரம். கூட்டத்தில் இருந்து முனிரத்தினம் எழுந்தார். டேப்பு சார் எழுதிக் கொடுத்த தாளைத் தலைக்கு மேலே பிடித்துக் காட்டினார்.

எங்கள் ஆபீசர் கேட்டார்: "ஏமையா, இதுக்கு ஆபீஸ் சீல் எக்கட?"

"சீல் இல்ல சார். நம்பர் கீது."

"சீல் இல்லாத நம்பர் நம்பர் காதய்யா. நம்பரே இல்ல."

எங்கே போனாலும் சீலைக் கையோடு கொண்டுபோவது என் பழக்கம். ஆபீசில் விட்டுவிட்டு வந்தால் யாராவது எடுத்து உபயோகித்துவிடுவார்கள் என்ற பயம். அன்றும் என் மடியில் இருந்த பைக்குள் சீல் இருந்தது. இங்க் பேடும் இருந்தது.

பின்வரிசையில் நின்றிருந்த டேப்பு சார் முன்னால் வந்தார். கவர்மெண்டு சம்பளம் வாங்குகிற ஆள் அப்படி வரக்கூடாது. "அது என் கையெழுத்து சார். நான் அளந்தது. சந்தேகம்னா எல்லாரும் வாங்க, கெணத்தாண்ட போய் எட்டிப் பாக்கலாம். ரெண்டு பர்லாங்குதான்."

மேடையில் பதினொரு பேர். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டாவது நாற்காலியில் நான். கீழே இருந்த ஜனங்கள் எங்களைப் பார்த்தார்கள். அப்புறம் மைக்கில் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஆறு போருக்கும் அனுமதி கிடைத்தது. அலுவலக விவரங்களை அனுமதியின்றி வெளியிட்டார் என்று டேப்பு சாருக்கு மெமோ போனது. டைப் அடித்ததும் நான்தான். அவர் ஒரே வரியில் பதில் எழுதியிருந்தார்: 'நான் எதையும் வெளியிடவில்லை, கிணறுகளுக்கு மூடி கிடையாது.' ஆபீசர் அதைப் படித்துச் சிரித்தார். சிரித்துவிட்டு ஒரு இன்க்ரிமெண்டை நிறுத்தினார்.

மூடியும் சீக்கிரம் வந்தது. வெளிநாட்டு உதவியில் ஏதோ ஒரு திட்டம். பழைய கிணறுகளைக் கைவிட்டு, ஊருக்கு ஓரத்தில் புதிதாகக் குழாய் இறக்கி, மேலே இரும்பு மூடி போட்டு, பூட்டும் போட்டார்கள். அந்தத் திட்டத்தின் நோக்கம் விவரங்களை எல்லோருக்கும் எளிதாகக் கிடைக்கச் செய்வது என்று சுற்றறிக்கையில் எழுதியிருந்தது. நான் இரண்டு முறை படித்தேன். டேப்பு சாரிடம் சாவிக்கொத்தைக் கொடுத்தோம். பதினேழு சாவி. எழுதுவதற்கு அவருக்குச் சுவர் இல்லை. குழாயின் பக்கத்தில் நின்று உரக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஊருக்கு ஓரத்தில் கேட்பதற்கு எருமைகூட இல்லை. ஆறு மாதம் கழித்து மதனப்பள்ளிப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

கம்பெனி வந்த இரண்டாவது கோடையில் முனிரத்தினம் நிலத்தைக் கொடுத்துவிட்டார். அந்தக் கம்பெனி கேட்டிலேயே வாட்ச்மேன் வேலை. பிறகு மகனோடு மெட்ராஸ் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

டேப்பு சாரைக் கடைசியாகப் பார்த்தது புத்தூர் பஸ் ஸ்டாண்டில். இருவரும் ரிட்டயர் ஆகிவிட்டிருந்தோம். அவர் இளைத்துப் போயிருந்தார். விரல்கள் மற்ற எல்லோருக்கும் போல் இருந்தன. அதுதான் முதலில் கண்ணில் பட்டது. நலம் விசாரித்தேன். காபி சாப்பிடலாம் என்றேன்.

"வோணாம் சார். இப்போதான் துன்னுட்டு வந்தேன்" என்றார். பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். பஸ் நகரும்போது தலையை வெளியே நீட்டினார். "இப்போவாவது பதினேழால வகுத்தீங்களா சார்?"

கிண்டலா, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாரா? அவர் கிண்டலாக எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. மூன்று ஆண்டு கழித்து அவர் போய்விட்டார் என்று செய்தி வந்தது. காரியத்துக்கு நான் போகவில்லை.

போன மாதம் வந்த அந்த மாணவி வினாத்தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். கேனிலிருந்து பிடித்துக் கொடுத்தேன். கேனில் அந்தக் கம்பெனியின் லேபிள். மாதத்துக்கு எட்டு கேன் வாங்குகிறேன், இந்தக் கட்டடத்தில் வேறு தண்ணீர் வாயில் வைக்க முடிவதில்லை.

குடித்துவிட்டு அவர் போனை எடுத்துக் காட்டினார். "எல்லாமே இப்ப வெப்சைட்ல ஓப்பன் சார். யார் வேணும்னாலும் டவுன்லோடு பண்ணலாம். உங்க காலத்து டேட்டா இருக்கே, ரொம்ப க்ளீன். ஒரு கேப்புகூட இல்ல. நான் இதையே என் ஆய்வுல உதாரணமா வச்சிருக்கேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். விஜயபுரம் மண்டலம், அந்த ஆண்டு, அந்த மாதம். கிணறுகள்: பதினாலு. சராசரி: என் முப்பத்தொன்று அடி, மீட்டருக்கு மாற்றி. என் கணக்கு உலகம் முழுக்கத் திறந்து கிடந்தது, சீல்கூடத் தேவைப்படாமல்.

"அந்த மண்டலத்துல மொத்தம் பதினாலு கிணறுதானே சார்?" என்று கேட்டார். ஏதோ எழுதுவதற்காகப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"ரெக்கார்டுல என்ன இருக்கோ அதாம்மா" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். அறுபத்திரண்டு படியும் அவர் இறங்கும் சத்தத்தை வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டிருக்கலாம். நாற்பதாவது படியில்கூடக் கேட்டிருக்கும்.

ஆர்டர் இனி வரப்போவதில்லை. ஆகவே எழுதிவிடுகிறேன். கிணறுகள் பதினேழு. மூன்றாம் நம்பர், ஐம்பத்திரண்டு அடி, வறட்சி. ஒன்பதாம் நம்பர், முனிரத்தினத்துடையது, ஐம்பத்தெட்டு அடி, வறட்சி. பதினாலாம் நம்பர், அறுபது அடி, வறட்சி. மற்ற பதினாலும் சேர்ந்து நானூற்று முப்பத்து நாலு. மொத்தக் கூட்டு அறுநூற்று நாலு.

நீங்களே வகுத்துப் பாருங்கள்.